இலகு விமான ஒயரிங் டயகிராம் வரைய எந்த மென்பொருள்? (ரோட்டாக்ஸ் 912, 12 வோல்ட், சுமார் 90 ஒயர்)

இறக்கைநுனி (கேள்வி)

வணக்கம். ஸெனித் சிஎச் 750 கிட் விமானத்துக்கு மின் ஒயரிங் டயகிராம் வரைய வேண்டும். அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட் (தாமே கட்டும் விமானம்) பிரிவு, பகல் நேர விஎஃப்ஆர் (கண்ணால் பார்த்துப் பறத்தல்) மட்டும். ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இன்ஜின், 12 வோல்ட், ஒரே பேட்டரி, இன்ஜினோடு வரும் 250 வாட் ஜெனரேட்டர்.

இணைக்க வேண்டியவை: ஒரு ஈஃபிஸ் (பறப்புத் தகவல் காட்டும் மின்னணுத்) திரை, இன்ஜின் மானிட்டர், ஒரு காம் ரேடியோ, இன்டர்காம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவி), இறக்கை நுனியில் எல்இடி நேவ் விளக்கும் ஸ்ட்ரோபும், ஒரு லேண்டிங் லைட், எலக்ட்ரிக் டிரிம், ஃப்ளாப் மோட்டார், துணை ஃபியூயல் பம்ப். குத்துமதிப்பாக 90 ஒயர், 4 டி-சப் கனெக்டர் (டி வடிவப் பல பின் இணைப்பான்).

என் தேவைகள்:

லினக்ஸில் ஓட வேண்டும். இலவசமாக இருந்தால் நல்லது, ஆனால் அது கட்டாயமில்லை. வரைபடத்திலிருந்து ஒயர் பட்டியல் (எங்கிருந்து, எங்கே, எந்த கேஜ் அதாவது ஒயர் தடிமன், என்ன நிறம், எவ்வளவு நீளம்) தானாக வர வேண்டும். ஏ3 தாளில் அச்சடித்தால் படிக்கும்படி இருக்க வேண்டும். விமானத்தை 20 வருடம் கழித்து வேறொருவர் வாங்கினாலும் அந்தக் கோப்பு திறக்க வேண்டும்.

இதுவரை கண்ணில் பட்டவை கிகேட், கியூஎலக்ட்ரோடெக், லிப்ரேஆஃபிஸ் டிரா, ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல். இவற்றில் எது இந்த வேலைக்குச் சரிவரும், எது எங்கே காலை வாரும்?

---

செப்புக்கம்பி

நீங்கள் சொன்ன நான்கையும் ஒரே ஒரு கேள்வியால் பிரித்துவிடலாம். அந்த மென்பொருளுக்கு ஒயர் என்பது ஒரு தனிப் பொருளா, அல்லது வெறும் கோடா?

கிகேட் போன்ற, பிசிபி (மின்னணுச் சர்க்கியூட் பலகை) வடிவமைக்கும் மென்பொருள்கள் எல்லாம் 'நெட்' என்ற கணக்கில் சிந்திப்பவை. ஐந்து பின்களைக் கோடு போட்டு இணைத்தால், அவை ஐந்தும் ஒரே நெட் என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். விமானத்தில் அந்த ஐந்தும் எப்படி இணைகின்றன என்பதுதான் விஷயமே. ஒரே ஸ்டட்டில் (இணைப்புத் திருகில்) ஐந்து ரிங் டெர்மினல்களா (ஒயர் முனை வளையங்களா), ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிப் போகிறதா, நடுவில் ஸ்ப்ளைஸ் (ஒயரோடு ஒயர் ஒட்டு) இருக்கிறதா? அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் வழிகாட்டி ஏசி 43.13-1பி-யின் 11-ஆம் அத்தியாயம் ஒரு ஸ்டட்டில் நான்கு டெர்மினல்களுக்கு மேல் கூடாது என்கிறது. நெட் மட்டும் அறிந்த மென்பொருள் இந்த மீறலை ஒருபோதும் காட்டாது. வரைபடம் மின்சார ரீதியாகச் சரியாகவே இருக்கும், விமானத்தில் மாட்டப் போகும்போது இடம் இருக்காது.

எர்த்தில் இது இன்னும் மோசம். எல்லா இடத்திலும் ஒரே எர்த் குறியீட்டைப் போட்டால் ஃபயர்வால் எர்த், பேனல் எர்த், இறக்கையில் உடலோடு சேர்க்கும் எர்த் மூன்றும் வரைபடத்தில் ஒன்றாகிவிடும். பிறகு இன்டர்காமில் ஸ்ட்ரோபின் கீச்சொலி கேட்டால், எந்த இரண்டு கருவிகள் எந்தப் பாதையைப் பகிர்கின்றன என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வரைபடம் வைத்திருப்பதே இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான்.

எனவே மென்பொருள் எதுவானாலும் முதலில் ஒயர் பட்டியலின் நிரல்களை முடிவு செய்யுங்கள். என் பரிந்துரை: ஒயர் எண், தொடங்கும் கருவி, கனெக்டர், பின், முடியும் கருவி, கனெக்டர், பின், கேஜ், நிறம், ஒயர் வகை, நீளம், இரு முனைகளிலும் என்ன டெர்மினல், எந்த ஒயர் கட்டில் போகிறது, ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உண்டா, ஷீல்டு எந்தப் பக்கம் எர்த் ஆகிறது. இந்தப் பட்டியல்தான் மூலம். வரைபடத்தை அதைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு வடிவமாக நினையுங்கள். மென்பொருள் செத்துப் போனாலும் பட்டியல் இருந்தால் விமானத்தைப் பராமரிக்கலாம். அழகான படம் மட்டும் இருந்து பட்டியல் இல்லையென்றால் கஷ்டம்.

ஒயர் எண்ணுக்குப் பழைய ராணுவ முறை இன்றும் நன்றாக வேலை செய்கிறது: செயல் எழுத்து, சர்க்கியூட் எண், துண்டு எழுத்து, கேஜ், எர்த் என்றால் கடைசியில் 'என்'. விளக்குக்கு எல், டிசி பவருக்கு பி, ரேடியோவுக்கு ஆர், இன்ஜின் கருவிகளுக்கு இ, இக்னிஷனுக்கு ஜே, எரிபொருள், ஆயிலுக்கு கியூ. உதாரணமாக லேண்டிங் லைட்: பிரேக்கரிலிருந்து சுவிட்ச் வரை எல்-12-ஏ-16, சுவிட்சிலிருந்து இறக்கை வேர் கனெக்டர் வரை எல்-12-பி-16, அதற்கு அப்பால் எல்-12-சி-16. ஒவ்வொரு கனெக்டரையோ டெர்மினலையோ தாண்டும்போது துண்டு எழுத்து மாறும். ஐ, ஓ என்ற எழுத்துகளை விட்டுவிடுங்கள், 1, 0 என்று தவறாகப் படிப்பார்கள்.

மின்னோட்டப் பாதையில் கடைசி ஒயர்வரை எண் இருக்க வேண்டும், எர்த் ஒயர் உட்பட. "அது சும்மா எர்த்துதானே" என்று விடப்பட்ட ஒயர்களில்தான் தேடல் அதிகம்.

---

முனையம்7

உங்கள் தேவைப் பட்டியலுக்கு மிக அருகில் வருவது கியூஎலக்ட்ரோடெக். இது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வரைவதற்காக உருவானது. பிசிபி அதன் எண்ணத்திலேயே இல்லை. கோடு போட்டவுடன் அது ஒரு 'கண்டக்டர்' ஆகிறது. அதற்கு எண், பயன், மின்னழுத்தம், நிறம், குறுக்களவு என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. குறுக்களவுக் கட்டத்தில் '20 கேஜ்' என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம், அது வெறும் எழுத்துதான்.

வேறு நன்மைகள்: ஒரு திட்டத்துக்குள் பல தாள்கள், ஒரு தாளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அம்புக்குறி, ரிலே சுருளையும் அதன் தொடர்புகளையும் வெவ்வேறு தாளில் வைத்தாலும் தானாக வரும் குறுக்குக் குறிப்பு. உங்கள் 20 வருடக் கவலைக்கும் பதில் இருக்கிறது. திட்டம் முழுதும் ஒரே எக்ஸ்எம்எல் (எழுத்து வடிவ) கோப்பு, பயன்படுத்திய குறியீடுகள் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். குறியீட்டு நூலகம் தொலைந்தாலும் படம் திறக்கும். பிடிஎஃப், எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப் ஏற்றுமதி உண்டு.

இனி சிக்கல்கள்.

ஒன்று, ஒரே முனையில் சேரும் கண்டக்டர்களை அது 'ஒரே பொட்டென்ஷியல்' என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றின் எண்ணை மாற்றினால் மற்றவையும் மாறலாம். தொழிற்சாலை முறைக்கு அது சரி, அங்கே ஒரே பொட்டென்ஷியலுக்கு ஒரே எண். விமான முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் வேண்டும். கண்டக்டர் பண்புகள் சாளரத்தில் 'இந்தப் பொட்டென்ஷியலின் எல்லாக் கண்டக்டர்களுக்கும் பொருத்து' என்ற தேர்வு இருக்கும், அதை எடுத்துவிட்டு எண்களைக் கையால் கொடுங்கள். தானியங்கி எண்ணிடல் இந்த வேலைக்கு வேண்டாம்.

இரண்டு, அதோடு வரும் குறியீடுகள் பெரும்பாலும் ஐஇசி (சர்வதேசத் தர) முறை. அமெரிக்க விமானக் கையேடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரெசிஸ்டரும் ஃபியூஸும் வேறு மாதிரி தெரியும். புஷ்-புல் பிரேக்கர், டி-சப், எர்த் டேப் பிளாக் (எர்த் ஒயர்கள் வந்து சேரும் பட்டை), ரோட்டாக்ஸ் ரெகுலேட்டர் ஆகியவற்றை நீங்களே வரைய வேண்டும். எலிமென்ட் எடிட்டர் எளிது, ஒரு மாலை வேலை. ரெகுலேட்டருக்கு ஜி, ஜி, ஆர், பி, எல், சி என்று உடலில் அச்சிட்ட பெயர்களையே முனைப் பெயராகக் கொடுங்கள். 1, 2, 3 என்று போட்டால் பிறகு யாருக்கும் புரியாது. பேட்டரிப் பக்கம் ரோட்டாக்ஸ் கேட்கும் 22,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் அதே தாளில் வைத்துவிடுங்கள். இன்ஜின் நிறுவல் கையேட்டில் இருப்பதால் வரைபடத்தில் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று, பாகப் பட்டியல் சிஎஸ்வி (எழுத்து வடிவ அட்டவணைக் கோப்பு) ஆக எளிதில் வருகிறது. எங்கிருந்து-எங்கே ஒயர் பட்டியல் அவ்வளவு நேர்த்தியாக வருவதில்லை. எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு கண்டக்டரின் இரு முனைகளும் இருக்கின்றன, சிறிய பைதான் நிரல் எழுதினால் எடுத்துவிடலாம். நிரல் எழுத வராது என்றால், 5 ஒயர் மட்டும் வரைந்து ஏற்றுமதி செய்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

---

ஃபயர்வால்பக்கம்

கிகேட்டை நெட் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை. செப்புக்கம்பி சொன்ன குறை உண்மை, அதற்கு வழியும் இருக்கிறது. ஒயரையே ஒரு பாகமாக ஆக்கிவிடுங்கள்.

இரண்டு பின் கொண்ட ஒரு குறியீடு வரையுங்கள், நடுவில் நீண்ட கோடு, அதன் மேல் எழுத்து. அதற்குக் கூடுதல் கட்டங்கள்: ஒயர் எண், கேஜ், நிறம், வகை, நீளம், முனை-1 டெர்மினல், முனை-2 டெர்மினல், கட்டு. விமானத்தில் ஒரு துண்டு ஒயர் இருந்தால் தாளில் இந்தக் குறியீடு ஒன்று. கிகேட்டின் பச்சைக் கோடுகள் இப்போது ஒயரின் முனையும் பின்னும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் காட்டும். ஸ்ப்ளைஸுக்கும் தனிக் குறியீடு. எர்த் டேப் பிளாக் என்றால் 24 டேப் கொண்ட ஒரு குறியீடு, ஒவ்வொரு டேப்பும் ஒரு பின். பொது எர்த் குறியீட்டையும் +12 குறியீட்டையும் நூலகத்திலிருந்து எடுத்துப் போடவே போடாதீர்கள். அவை எந்தத் தாளில் இருந்தாலும் பெயர் ஒன்றானால் இணைந்துவிடும்.

இதனால் கிடைப்பது என்னவென்றால், சின்னங்களின் கட்டங்களைத் திருத்தும் அட்டவணையைத் திறந்தால் 90 ஒயரும் வரிசையாக நிற்கும். கேஜ், நீளம் எல்லாவற்றையும் அங்கேயே நிரப்பி சிஎஸ்வி-யாக எடுக்கலாம். எங்கிருந்து-எங்கே என்பதற்கு நெட்லிஸ்ட்டை (இணைப்புப் பட்டியலை) எக்ஸ்எம்எல்லாக எடுத்து, ஒயரின் 1-ஆம் பின் எந்த நெட்டில், அதே நெட்டில் வேறு எந்தப் பின் என்று இணைக்க வேண்டும். பைதானில் முப்பது நாற்பது வரி.

விதி சோதனையை (இணைப்புத் தவறுகளைத் தானே தேடும் வசதியை) பயன்படுத்தத் தவறாதீர்கள். எல்லாப் பின்களையும் 'பாஸிவ்' வகையாக வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியும் ஜெனரேட்டரும் சேரும் இடத்தில் வீண் எச்சரிக்கைகள் குவியும். டி-சப்பில் பயன்படுத்தாத ஒவ்வொரு பின்னிலும் 'இணைப்பில்லை' குறியைப் போடுங்கள். பிறகு சோதனை ஓட்டினால் குறியும் இல்லாமல் ஒயரும் இல்லாமல் தொங்கும் பின் ஒவ்வொன்றையும் அது சொல்லும். ஈஃபிஸின் 37 பின்னில் ஒன்றை மறந்தது இங்கேயே தெரிந்துவிடும். பேனலை மூடிய பிறகு தெரிவதைவிட எவ்வளவோ மேல். படம் மட்டும் வரையும் எந்த மென்பொருளாலும் இது முடியாது, கிகேட்டைத் தேர்வதற்கு எனக்கு இதுவே முதல் காரணம்.

கவனிக்க வேண்டியவை:

கிகேட் தரும் டபிள்யூ1, டபிள்யூ2 என்ற குறிப்பெண்ணை ஒயர் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஏற்கெனவே உள்ள எண்களை அழித்து மீண்டும் எண்ணிடு' என்பதை ஒருமுறை அழுத்தினால் எல்லாம் மாறிவிடும், ஒயரில் ஒட்டிய லேபிள்கள் அத்தனையும் பொய்யாகும். எல்-12-பி-16 போன்ற எண் தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும்.

பெரிய கனெக்டரைப் பல யூனிட்டுகளாகப் பிரித்து வரையுங்கள். ஈஃபிஸின் பவர் பின்கள் பவர் தாளில், சீரியல் பின்கள் டிரான்ஸ்பாண்டர் தாளில், ஆடியோ பின்கள் இன்டர்காம் தாளில். குறிப்பெண் ஒன்றே. ஒரு தாளில் ஒரு சிஸ்டம், ஒரு ஒயர் ஒரே ஒரு தாளில் மட்டும். இந்த ஒழுங்கு இருந்தால் லேண்டிங் லைட் எரியவில்லை என்றால் பஸ்ஸிலிருந்து (பவர் பகிரும் பட்டையிலிருந்து) பிரேக்கர், சுவிட்ச், கனெக்டர், விளக்கு, எர்த் வரை ஒரே தாளில் விரலை வைத்துப் போகலாம்.

எழுத்தின் இயல்பு அளவு 1.27 மில்லிமீட்டர். ஏ3-க்கு அமைத்த தாளை யாராவது ஏ4-இல் அச்சடித்தால் 0.9 ஆகிவிடும், ஹேங்கர் வெளிச்சத்தில் படிக்க முடியாது. 2.5 வைத்தால் ஏ4-இலும் சுமார் 1.8 கிடைக்கும்.

புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. கோப்புகள் எல்லாம் எழுத்து வடிவில் இருப்பதால் கிட் (git) என்ற பதிப்புப் பதிவு மென்பொருளில் வைத்து மாற்றங்களை வரி வரியாகப் பார்க்கலாம், அது பெரிய வசதி.

இக்னிஷன் தாளில் ஒரு சிறப்புக் கவனம். ரோட்டாக்ஸ் 912-இல் சுவிட்ச் மூடினால், அதாவது எர்த்தோடு சேர்ந்தால், இக்னிஷன் அணையும். திறந்தால் இக்னிஷன் உயிரோடு இருக்கும். சாதாரண சுவிட்ச் குறியீட்டைப் போட்டுப் பக்கத்தில் 'ஆன்', 'ஆஃப்' எழுதாமல் விட்டால் அடுத்தவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். எந்த நிலையில் வரைந்திருக்கிறது என்று தாளிலேயே எழுதுங்கள். அந்த எர்த் ஒயர் அறுந்தால் சாவியை அணைத்தாலும் புரொப்பெல்லரைக் கையால் திருப்பும்போது இன்ஜின் பற்றிக்கொள்ளலாம் என்பதால், அந்த ஒயருக்கு எண்ணும் எர்த் புள்ளியும் கட்டாயம்.

---

தாள்42

மேலே சொன்ன இரண்டும் நல்ல வழிகள். ஆனாலும் 90 ஒயருக்கு அவை தேவையா என்று யோசிக்கச் சொல்வேன். குறியீட்டு நூலகம், பைதான் நிரல், மென்பொருளைக் கற்பது எல்லாம் சேர்ந்து ஒயரிங்கைவிடப் பெரிய வேலையாகிவிடக் கூடாது.

எளிய வழி: செப்புக்கம்பி சொன்ன நிரல்களோடு லிப்ரேஆஃபிஸ் கால்க்கில் ஒயர் பட்டியல், படத்துக்கு லிப்ரேஆஃபிஸ் டிரா. டிராவில் இணைப்புக் கோட்டைப் பொருளின் ஒட்டுப் புள்ளியில் இணைத்தால், பொருளை நகர்த்தினாலும் கோடு கூடவே வரும். பல பக்கம் வைக்கலாம். சோதனை எதுவும் கிடையாது, அது உண்மை. அதைக் கால்க்கில் ஓரளவு ஈடுகட்டலாம். 'கருவி-கனெக்டர்-பின்' மூன்றையும் சேர்த்து ஒரு நிரல் ஆக்கி, அதே பெயர் இரண்டு முறை வந்தால் சிவப்பாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பின்னில் இரண்டு ஒயர் போவது உடனே தெரியும். கருவிக் கையேட்டின் பின் பட்டியலை இன்னொரு தாளில் ஒட்டி, ஒயர் பட்டியலில் வராத பின் எது என்று தேடச் சொன்னால் விடுபட்டதும் தெரியும். ஆனால் படமும் பட்டியலும் தனித்தனி என்பதால், ஒன்றைத் திருத்தினால் மற்றதை அன்றே திருத்தும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் கிகேட் பக்கம் போவதே நல்லது.

கனெக்டர்-கனெக்டர் ஹார்னஸுக்கு (ஒயர் தொகுப்புக்கு) மட்டும் ஒயர்விஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பைதானில் ஓடும், கூடவே கிராஃப்விஸ் நிறுவ வேண்டும். படம் வரையவே தேவையில்லை. ஒரு எழுத்துக் கோப்பில் கனெக்டர்கள், கேபிள்கள், இணைப்புகள் என்று மூன்று பகுதி எழுதினால், எந்தப் பின்னிலிருந்து எந்த நிற ஒயர் எந்தப் பின்னுக்கு என்று படம் தானாக வரும், பாகப் பட்டியலும் வரும். ஷீல்டையும் காட்டும். இன்டர்காம்-ரேடியோ ஹார்னஸ் கட்டும் மேசையில் வைத்துக்கொள்ள இதைவிடத் தெளிவான தாள் இல்லை. இதில் சுவிட்ச், ரிலே போன்ற சர்க்கியூட்டை வரைய முடியாது. 40 ஒயருக்கு மேல் ஒரே கோப்பில் போட்டால் கோடுகள் பின்னிப் பிணைந்துவிடும், ஆகவே ஒரு ஹார்னஸுக்கு ஒரு கோப்பு.

ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் பற்றி: திறமையான மென்பொருள், ஒயர் எண், எங்கிருந்து-எங்கே அறிக்கை எல்லாம் உண்டு. விண்டோஸ் வேண்டும், சந்தா வேண்டும். ஒரே விமானத்துக்கு அந்தச் செலவு நியாயமில்லை, சந்தா நின்றால் திருத்தவும் முடியாது. தனியார் கோப்பு வடிவத்தை நம்புவதில் என்ன ஆபத்து என்பதற்கு ஈகிள் நல்ல எடுத்துக்காட்டு. பல வருடம் பரவலாகப் பயன்பட்ட சர்க்கியூட் மென்பொருள். அதன் விற்பனையும் ஆதரவும் 2026 ஜூன் 7-ஓடு முடியும் என்று ஆட்டோடெஸ்க் 2023-இல் அறிவித்தது. உங்கள் விமானத்தின் ஆயுள் அதைவிட நீளம்.

எதைத் தேர்ந்தாலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிடிஎஃப் ஒன்று, சிஎஸ்வி ஒன்று, அச்சடித்த தாள் ஒன்று.

---

இறக்கைநுனி

எல்லோருக்கும் நன்றி. விதி சோதனைக்காகவே கிகேட் பக்கம் சாய்கிறேன், ஒயரைப் பாகமாக வைக்கும் முறையில். ரேடியோ ஹார்னஸுக்கு மட்டும் ஒயர்விஸ். இன்னும் மூன்று சந்தேகம்.

1. கேஜ் கணக்கை மென்பொருளிலேயே செய்ய வழி உண்டா, அல்லது வெளியேதானா? லேண்டிங் லைட் 5 ஆம்பியர், பேனலிலிருந்து இறக்கைக்கு ஒரு வழி 5 மீட்டர்.

2. டி-சப் குறியீட்டில் பின்களை எந்த வரிசையில் வைப்பது?

3. மைக் ஒயரின் ஷீல்டு ஒரு பக்கம் மட்டும் எர்த் ஆகிறது. ஒயரே பாகம் என்றால் ஷீல்டை எப்படிக் காட்டுவது?

---

செப்புக்கம்பி

முதல் கேள்விக்கு. வெளியேதான், சிஎஸ்வி-யைக் கால்க்கில் திறந்து இரண்டு நிரல் சேர்த்தால் போதும். இரண்டு தனிச் சோதனைகள், இரண்டையும் கலக்காதீர்கள்.

பாதுகாப்புச் சோதனை: பிரேக்கர் காப்பது ஒயரைத்தான், கருவியை அல்ல. ஏசி 43.13 அட்டவணைப்படி 22 கேஜுக்கு 5 ஆம்பியர் பிரேக்கர், 20-க்கு 7.5, 18-க்கு 10, 16-க்கு 15. ஒயரின் கேஜுக்கு உரியதைவிடப் பெரிய பிரேக்கர் இருந்தால் அந்த வரி சிவப்பாக வேண்டும்.

மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை: 14 வோல்ட் சிஸ்டத்தில் தொடர் சுமைக்கு 0.5 வோல்ட், இடையிடையே ஓடும் சுமைக்கு 1 வோல்ட் வரை. மீட்டருக்கு மில்லிஓம் தோராயமாக: 22 கேஜ் 53, 20 கேஜ் 33, 18 கேஜ் 21, 16 கேஜ் 13, 14 கேஜ் 8.3.

உங்கள் விளக்கு: 20 கேஜ் போட்டு, எர்த்தை இறக்கை உலோகத்திலேயே எடுத்தால் 5 மீட்டர் × 33 × 5 ஆம்பியர் = 0.83 வோல்ட். பிரேக்கர் கணக்கில் 20 கேஜ் தாராளமாகப் போதும், வீழ்ச்சிக் கணக்கில், தொடர் சுமை என்று எடுத்தால், தோற்கிறது. கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமனாகும். 16 கேஜ் என்றால் 0.33 வோல்ட், சரி. எர்த்தையும் பேனலுக்கே திருப்பிக் கொண்டுவந்தால் நீளம் 10 மீட்டர், 16 கேஜில் 0.65, மீண்டும் தோல்வி. 14 கேஜ் போட்டால் 0.42. எனவே எர்த் எங்கே என்று முடிவு செய்யாமல் கேஜை நிரப்ப முடியாது. விளக்குக்கு உலோக உடல் எர்த் போதுமானது. ரேடியோ, இன்டர்காம், ஈஃபிஸ் மூன்றும் பேனல் எர்த் பிளாக்குக்குத் தனித்தனி ஒயரில் வர வேண்டும்.

நீளத்தைத் தாளிலிருந்து அளக்காதீர்கள். விமானத்துக்குள் கட்டு போகும் பாதையில் நூல் விட்டு அளந்து, அந்த எண்ணைக் கட்டத்தில் போடுங்கள்.

மொத்தச் சுமையும் அதே பட்டியலில் வந்துவிடும். 250 வாட் என்பது உயர் ஆர்பிஎம்மில் கிடைக்கும் சுமார் 18 ஆம்பியர். தொடர் சுமை அதில் 80 சதவீதத்துக்குள், அதாவது 14 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 5 ஆம்பியர் லேண்டிங் லைட்டைத் தொடர் சுமையாக எண்ணுவதா இல்லையா என்பது நீங்கள் அதை எப்படி ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. ட்ராஃபிக்கில் தெரிவதற்காக எப்போதும் எரிய விடுவதென்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். அப்படியானால் எல்இடி வாங்குவதே மேல், மெல்லிய ஒயரே போதும்.

---

ஃபயர்வால்பக்கம்

டி-சப். சர்க்கியூட் தாளில் பின்களைச் செயலின்படி அடுக்குங்கள், பவர் மேலே, எர்த் கீழே, சிக்னல் நடுவில். அங்கே வடிவம் முக்கியமில்லை, எண் மட்டும் சரியாக இருந்தால் போதும். தவறு நடப்பது வேறிடத்தில். கருவிக் கையேட்டில் உள்ள கனெக்டர் படம் சில இடங்களில் பொருந்தும் முகத்திலிருந்து பார்த்தது, சில இடங்களில் ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தது. இரண்டும் கண்ணாடிப் பிம்பம். 25 பின்னில் பார்வையை மாற்றி எடுத்துக்கொண்டால் 1-க்குப் போக வேண்டியது 13-க்கும், 14-க்குப் போக வேண்டியது 25-க்கும் போகும். ஒயர் எண்ணிக்கை சரியாக இருக்கும், தொடர்ச்சிச் சோதனையிலும் அதே தவறான பார்வையோடு பார்த்தால் சரி என்றே காட்டும். 12 வோல்ட் சிக்னல் பின்னில் ஏறும்போதுதான் தெரியும்.

ஆகவே தனியாக ஒரு தாள்: ஒவ்வொரு கனெக்டருக்கும் 'ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்வை' என்று தலைப்பிட்ட படம், ஒவ்வொரு துளையிலும் ஒயர் எண். கிரிம்ப் பின்னைத் தள்ளும்போது கையில் இருக்க வேண்டிய தாள் இதுதான். பிளாஸ்டிக்கில் பொறித்த சின்ன எண்ணை லென்ஸில் பார்த்து இந்தத் தாளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பெண் பின்னுக்கு எம்39029/63-368, ஆண் பின்னுக்கு எம்39029/64-369, இரண்டும் 20 முதல் 24 கேஜ் வரை. ஈஃபிஸ் பவருக்கு 18 கேஜ் என்று பட்டியலில் எழுதியிருந்தால் அது இந்தப் பின்னில் நுழையாது, அதையும் இப்போதே பாருங்கள். கையேடு பவருக்கு இரண்டு பின் கொடுத்திருந்தால் இரண்டு 20 கேஜ் ஒயர், இரண்டு தனி எண்.

ஷீல்டு: மைக் கேபிளுக்குத் தனிக் குறியீடு வரையுங்கள். உள்ளே உள்ள ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு பின், ஷீல்டுக்கும் இரண்டு பின், சுற்றிலும் புள்ளிக் கோட்டு வளையம். ஷீல்டின் ஒரு பின்னைக் கையேடு சொல்லும் பக்கத்தில் எர்த்தோடு சேர்த்து, மறு பின்னில் 'இணைப்பில்லை' குறி. அந்தக் குறி இல்லாவிட்டால் விதி சோதனை கத்தும். தவறிப்போய் மறு முனையையும் எர்த்தோடு சேர்த்து வரைந்தால், குறி இருக்கும் பின்னில் இணைப்பு என்று அதற்கும் கத்தும். ஹெட்செட் ஜாக்கின் உடல் பேனல் உலோகத்தைத் தொட்டாலும் இதே கோளாறு வரும், ஆனால் அதை எந்த வரைபடமும் பிடிக்காது. ஜாக்குக்கு இன்சுலேட்டிங் வாஷரைப் பாகப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், ஒரு ஜாக்குக்கு ஒரு தோள் வாஷர், ஒரு தட்டை வாஷர்.

முழுதாக இறங்கும் முன் லேண்டிங் லைட் ஒன்றை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை செய்து பாருங்கள். குறியீடுகள், தாள், விதி சோதனை, சிஎஸ்வி, ஏ3 அச்சு, லேபிள். லேபிள் இரு முனைகளிலும், இடையில் 15 அங்குலத்துக்கு ஒன்றும் வர வேண்டும், ஆகவே எல்-12-பி-16 என்பதை ஒரு துண்டுக்கு எத்தனை முறை அச்சடிப்பது என்பதையும் நீள நிரலிலிருந்தே கணக்கிடலாம். அந்த ஒரு சர்க்கியூட்டில் எந்தக் கட்டம் போதவில்லை என்று தெரிந்தால் குறியீட்டை அப்போதே திருத்திக்கொள்ளுங்கள். 90 ஒயரும் வரைந்த பிறகு புதுக் கட்டம் சேர்த்தால், நூலகத்திலிருந்து சின்னங்களைப் புதுப்பிக்கும்போது தாளில் கையால் நிரப்பிய மதிப்புகள் அழிய வாய்ப்பிருக்கிறது. புதுப்பிக்கும் சாளரத்தில் கட்டங்களின் எழுத்தை மீட்டமைக்கும் தேர்வை எடுத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.